ஆசிரியர்: இலுப்பை

அம்மா இறந்து நான்கு மாதம் ஆகிறது. இந்த வரியிலேயே அம்மா ஓரத்தில் ஒரு கோடு போட்டிருப்பார். எத்தனை மாதம் என்பது யாருக்கு வேண்டும், அந்த மாதங்கள் எப்படிப் போயின என்று எழுது என்பார். எனக்கு அது வராது. நான் கருவியியல் படித்தவள். குழாய்க்குள் ஓடும் தண்ணீரை அளப்பது என் வேலை. தெரிந்ததை, நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அம்மாவின் பெயர் ஞானசெல்வி. போடி பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் ஆணிகளை எண்ணிப் பொட்டலம் கட்ட உட்கார வைத்தார்களாம். எண்களின் மேல் அம்மாவுக்கு இருந்த பகைக்கு அந்த ஆணிகள்தான் காரணம் என்பது அப்பாவின் கருத்து. அப்பா ஜேசுராஜ் தேனியில் பி.வி.சி. குழாய்க் கடை வைத்திருக்கிறார். அம்மா மதுரையில் சமூகப்பணி படித்து, தேனிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றார்.

அம்மா செய்தது பண்புசார் ஆய்வு. ஊரெல்லாம் போய் ஆம், இல்லை என்று கேட்டுச் சதவீதம் போடுவது ஒரு வகை ஆய்வு. சிலரோடு மட்டும் உட்கார்ந்து, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டு, சொன்னதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது இன்னொரு வகை. அம்மா இரண்டாவது வகை. வீட்டிலும் இரண்டாவது வகைதான்.

பள்ளியில் மதிப்பெண் அட்டையைக் கொண்டுவந்து நீட்டுவேன். அம்மா அதை மடித்து வைத்துவிட்டு, பரீட்சை எழுதும்போது உள்ளே எப்படி இருந்தது என்று கேட்பார். பயமாக இருந்தது என்பேன். "பயம்னா?" என்பார். வயிற்றில் ஏதோ செய்தது என்பேன். "ஏதோன்னா?" கணக்கில் நூறு வாங்கியதை அவர் கடைசிவரை பார்க்கவில்லை. கையெழுத்து மட்டும் போட்டார்.

ஒரு தடவை திராட்சை வாங்கி வரச் சொல்லி அப்பா அவரைக் காமயகவுண்டன்பட்டிக்கு அனுப்பினார். சபையில் ஏதோ விருந்து. அம்மா டவுன் பஸ்ஸில் போனார். பொழுது சாய்ந்து, வெறும் கூடையோடு வந்தார். தோட்டக்காரருக்கும் அவர் மச்சினனுக்கும் பந்தலின் கல்தூண்களைப் பற்றி இருந்த மனத்தாங்கலை முழுக்கக் கேட்டு வந்திருந்தார். திராட்சை எங்கே என்று அப்பா கேட்டார். அந்த மனுஷன் அழுதுகொண்டிருக்கும்போது எடை போடச் சொல்ல முடியுமா என்று அம்மா திருப்பிக் கேட்டார்.

அப்பா வெளியூர் போனால் அம்மா கடையைப் பார்த்துக்கொள்வார். அந்த நாட்களில் விற்பனை இருக்காது. அரை இஞ்ச் குழாய் கேட்டு வந்தவரை உட்கார வைத்து, குழாய் எதற்கு, போர்வெல் யார் நிலத்தில், அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்பார். கடைசியில் வந்தவர் குழாய் வேண்டாம், அண்ணனிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவார். "ஞானம், நீ கடைய அடச்சிட்டுப் போயிருந்தாக்கூட நட்டம் இம்புட்டு வந்திருக்காது" என்பார் அப்பா. ஆனால் அந்த ஆட்கள் எல்லாரும் பிறகு அம்மாவைப் பார்க்க வந்தார்கள். சிலர் குழாயும் வாங்கினார்கள்.

1996இல் அம்மா ஒரு ஆய்விதழ் தொடங்கினார். பெயர் 'களச்சொல்'. சமூகப்பணியில் பண்புசார் ஆய்வுகளுக்கான தமிழ் இதழ். கல்லூரியின் பெயரில் வந்தது. ஆனால் பிறந்த இடம் எங்கள் குழாய்க் கடையின் மாடி. ஆசிரியர் குழு குழாய்க் கட்டுகளின் மேல் பலகை போட்டு உட்கார்ந்து விதிகள் செய்தது. முதல் விதி, இதழில் எண்ணிக்கை கிடையாது. 'பலர்', 'சிலர்', 'ஒருவர்' போதும். இதழுக்கு எண் போடவும் அம்மா சம்மதிக்கவில்லை. நம் பள்ளத்தாக்குக்கு மழை இரண்டு பக்கமிருந்தும் வருகிறது, அதுவே போதும் என்றார். அதனால் தென்மேற்குப் பருவ இதழ் என்றும் வடகிழக்குப் பருவ இதழ் என்றும் வந்தன. ஒரு வருடம் மழை பொய்த்தபோது இதழை வெளியிடலாமா என்று குழுவில் விவாதம் நடந்தது.

பக்க எண் பற்றியும் விவாதம் நடந்தது. அச்சகம் வைத்திருந்த அழகுமலை நேரில் வந்து முறையிட்டார். அவர் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ் அடிப்பவர். ஒற்றைத் தாளோடு முடியும் வேலைக்குப் பழகியவர். எண் இல்லாமல் தாளைக் கோத்துத் தைக்க ஆள் கிடையாது என்றார். பைண்டிங் செய்பவருக்காக இரக்கப்பட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவில், பக்கத்தின் அடியில் போட்டுக்கொள்ள அனுமதித்தார்கள்.

இன்னொரு விதிதான் இந்தக் கதைக்கு முக்கியம். பேட்டி கொடுத்தவரின் உண்மைப் பெயரைக் கட்டுரையில் எழுதக் கூடாது என்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். மாற்றுப் பெயர் வைப்பார்கள். எங்கள் பக்கத்தில் அதில் ஒரு சிக்கல். எந்தப் பெயரை வைத்தாலும் ஆள் எந்தத் தெரு, எந்தக் கோவில், எந்தச் சபை என்று படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் 'களச்சொல்'லில் மனிதர்களுக்கு மரத்தின் பெயர். வேம்பு, புங்கை, நாவல், மருது, இலுப்பை. ஆணா பெண்ணா என்றும் தெரியாது. "வேம்பு தன் மாமியாரோடு பேசுவதை நிறுத்தியது" என்றுதான் வரும். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்க ஊர், வயது, வேலை எல்லாவற்றையும் கொஞ்சம் மாற்றிவிடுவார்கள். எழுதி முடித்ததும் எந்த மரம் யார் என்ற குறிப்பை எரித்துவிட வேண்டும். அம்மா வெந்நீர் அடுப்பில் எரிப்பார். எங்கள் வீட்டில் ஆராய்ச்சி முடிந்த மறுநாள் குளிக்க வெந்நீர் நன்றாகச் சுடும்.

குழுவில் அம்மாவைத் தவிர மூன்று பேரைச் சொன்னால் போதும்.

பலவேசம் சார் எல்லாருக்கும் மூத்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து போடியில் தங்கிவிட்ட ஓய்வுபெற்ற பேராசிரியர். கேள்வி முடியும் முன்பே பதில் சொல்வார். பல சமயம் வேறு கேள்விக்கான பதிலாக அது இருக்கும். அவர் பேசினால் கூட்டம் சிரிக்கும், பஸ் போய்விடும்.

தமிழ்மாறன் கம்பத்துக்காரர், வயதில் சின்னவர், கம்ப்யூட்டர் தெரிந்தவர். இதழுக்கு இணையதளம் வைத்தவர் அவர்தான். ஆசிரியர் ஆக வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. அதை மறைக்க மிகவும் முயன்றார். அதனால் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

பொன்னாத்தாள் கடமலைக்குண்டுக்காரர். மதுரையில் ஒரு கல்லூரியில் இணைப் பேராசிரியர். அவரிடம் போன கட்டுரை ஒன்றும் ஒரே தடவையில் தேறியதில்லை. திருத்தங்களைப் பென்சிலில் எழுதுவார். பென்சில்தானே என்று யாரும் ஆறுதல் அடைய முடியாது. ஒரு ஆய்வாளர் தன் கட்டுரை திரும்பி வந்த அன்று இரண்டு நாள் விடுப்பு எடுத்ததாகக் கேள்வி.

2009 மே மாதம் அம்மா ஓய்வு பெற்றார். கல்லூரி முதல்வர் கூப்பிட்டுச் சொன்னார். ஓய்வு பெற்றவர் இதழ் நடத்த விதியில் இடமில்லை. ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் புது ஆசிரியர் பெயர் வர வேண்டும். வராவிட்டால் 'களச்சொல்' புள்ளியியல் துறையின் செய்தி மடலோடு இணைக்கப்படும். அந்த மடலை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து எங்களிடம் காட்டினார். அட்டையில் பட்டை விளக்கப்படம் இருந்தது. செத்த எலியைப் பிடிப்பதுபோல் ஒரு மூலையில் பிடித்திருந்தார்.

அதே வாரம் மதுரையில் மருத்துவரைப் பார்த்தோம். கல்லீரல். மருத்துவர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு சில சதவீதங்களைச் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இந்த நெலமையில இருந்தவுக யாரையாச்சும் ஒங்களுக்கு நல்லாத் தெரியுமா டாக்டர்? அவுக எப்படி இருந்தாக?" என்றார். வெளியே கூட்டம் காத்திருந்தது. மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். ஒரு தலைமையாசிரியரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கடைசிவரை சீட்டு ஆடியவர், மருத்துவமனைக் கட்டிலில் வார்டு பையன்களை ரம்மியில் தோற்கடித்தவர். "தோத்தா என்ன செய்வாக?" என்று அம்மா கேட்டார். நர்ஸ் வந்து கதவைத் தட்டும்வரை பேச்சு போனது.

எனக்குச் சதவீதம் காதில் விழுந்தது. அம்மாவுக்கு ரம்மி. வெளியே வந்து, நல்ல தகவலாளர் என்று மருத்துவரைப் பாராட்டினார். பஸ்ஸில் ஆண்டிபட்டி தாண்டும்போது, குழுவில் யாருக்கும் இது தெரிய வேண்டாம் என்றார். "தெரிஞ்சா பரிதாபத்துல முடிவெடுப்பாக. கட்டுரைக்கும் அப்படித்தான், ஆளுக்கும் அப்படித்தான். பரிதாபத்துல எடுத்தா வெளங்காது." இதழை ஒரு நல்ல கையில் கொடுத்துவிட வேண்டும். அதற்குத் தான் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

குழு மாடியில் கூடியது. அப்பா கீழேயிருந்து தேநீர் கொண்டுவந்தார். புது ஆசிரியர் யார் என்பதுதானே, பெயரைச் சொல்லி ஆளுக்கொரு கை தூக்கினால் முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டு இறங்கப் போனார். கை தூக்கினால் எண்ண வேண்டுமே என்றார் பலவேசம் சார். எல்லாரும் தலையாட்டினார்கள். குடவோலை பற்றி ஒருவர் சொன்னார். அது கிணற்றில் வாளி விடுவதுபோல, கைக்கு வந்ததுதான், அதில் அர்த்தமே இல்லை என்று தள்ளப்பட்டது. தமிழ்மாறன், தகுதிகளுக்கு ஐந்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போடலாம் என்று சொல்ல வந்தார். 'ஐந்துக்கு' என்ற இடத்திலேயே பலர் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

முடிவு என்ன ஆனதென்றால், ஆய்வு செய்வது. ஒவ்வொருவரையும் அம்மா ஆழமாகப் பேட்டி காண்பார். இதழ் எப்படிப்பட்ட கையில் இருக்க வேண்டும், குழுவில் அது யார் கை என்று கேட்பார். பேட்டிகளை எழுதி, படித்து, அவற்றிலிருந்து என்ன மேலே வருகிறதோ அதை அறிக்கையாகக் கொடுப்பார். வழக்கமான விதிகள் எல்லாம் பொருந்தும். யார் யாருடைய பெயரைச் சொன்னார் என்பது மற்றவருக்குத் தெரியக் கூடாது. மரப் பெயர்தான். எல்லாரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அப்பா மட்டும், "கலியாணத்துக்குப் பொண்ணு பாக்கக்கூட நாங்க இம்புட்டுச் செய்யல" என்றார்.

மிச்சமிருந்த வெயில் காலம் முழுக்கப் பேட்டி நடந்தது. புதிதாக ஒன்றும் வராத இடத்தில் பேட்டியை நிறுத்த வேண்டும் என்பது முறை. பொன்னாத்தாளின் பேட்டி தேநீர் குடித்து முடிக்கும் நேரத்தில் முடிந்தது. பலவேசம் சாரிடம் புதிதாக ஏதாவது வந்துகொண்டே இருந்தது. கேசட் தீர்ந்து, அப்பா பஜாருக்குப் போய் வாங்கி வந்தார். சார் மறுநாளும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். அம்மா சோர்ந்திருந்தார். ஆனால் "ம், அப்புறம்?" என்பதை விடவில்லை.

அறிக்கை முடிந்தது. குறிப்பு வெந்நீர் அடுப்புக்குப் போனது. கேசட்டுகளின் மேல் அப்பா சபைப் பாடகர் குழுவைப் பதிந்துகொண்டார். ஆதாரம் எதுவும் மிச்சமில்லை. விதிப்படி எல்லாம் சரி.

மறுபடி மாடியில் கூட்டம். அம்மா அறிக்கையை வாசித்தார். அருமையான அறிக்கை. எனக்கே புரிந்தது. எல்லாருடைய பேச்சிலிருந்தும் ஒரே ஆள் மேலே எழுந்து வந்தது. அந்த ஆள் தேநீர் ஆறிப் போகும்வரை எதிரே இருப்பவர் சொல்வதைக் கேட்கும். திருத்தினால் எழுதியவருக்கு வலிக்காது. கூட்டத்தைச் சிரிக்க வைக்கும். கணினி தெரியும். கறார். "ஆகவே 'களச்சொல்' இலுப்பையின் கையில் இருக்க வேண்டும் என்பதே இந்த ஆய்வின் கண்டுபிடிப்பு" என்று அம்மா வாசித்து முடித்தார்.

எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டல் மெதுவாக நின்றது.

"இலுப்பை யாரு மேடம்?" என்று தமிழ்மாறன் கேட்டார்.

"அதச் சொல்ல முடியாது" என்றார் அம்மா.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கே தெரியும். கையெழுத்துப் போட்டவர்கள். இலுப்பை யார் என்று சொன்னால், யார் யாரைச் சொன்னார் என்பதைப் பின்னாலிருந்து பிடித்துவிடலாம். அதைக் காக்க வேண்டும் என்று அந்த விதியை எழுதியதே அவர்கள்தான். பலவேசம் சார், நெறிமுறை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நெடுநேரம் பாராட்டினார். ஆசிரியர் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார். யார் என்று மட்டும் தெரியாது. படியில் நின்ற அப்பா, "அப்ப இலுப்பைய எங்கன போயித் தேட?" என்றார்.

அம்மா மறுநாள் கல்லூரிக்குப் போய் புது ஆசிரியர் பெயரைக் கொடுத்தார். இலுப்பை. அலுவலகக் கண்காணிப்பாளர் தகப்பனார் பெயர் கேட்டார். இல்லை என்றார் அம்மா. முதலெழுத்து கேட்டார். அதுவும் இல்லை. திருவா திருமதியா என்று கேட்டார். சொல்வதற்கில்லை என்றார் அம்மா. முதல்வர் அதைப் புனைபெயர் என்று நினைத்துக்கொண்டார். பத்திரிகைக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறார். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, தென்மேற்குப் பருவ இதழ் அச்சுக்குப் போகும் முன் அந்த இலுப்பை நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் புள்ளியியல் துறைதான் என்றார். கொஞ்சம் அவகாசம் கிடைத்தது.

அந்த அவகாசத்தில்தான் குழு கெட்டுப்போனது.

ஒவ்வொருவரும் அறிக்கையை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தார்கள். படித்த ஒவ்வொருவருக்கும், இது நானாக இருக்கலாம் என்று தோன்றியது. கணினி என்ற இடத்தில் தமிழ்மாறனுக்குத் தோன்றியது. கூட்டம் சிரிக்கும் என்ற இடத்தில் பலவேசம் சாருக்குத் தோன்றியது; தானும் ஓய்வு பெற்றவர் என்பது அவருக்கு நினைவில்லை. பொருந்தாத இடங்களில் அதன்படி நடந்துகாட்டிப் பொருந்தப் பார்த்தார்கள். தமிழ்மாறன் தேநீரைத் தொடாமல் ஆற வைத்தார். மாடியில் எங்கு பார்த்தாலும் ஆடை படிந்த தேநீர். பலவேசம் சார் பேசுவதை நிறுத்திவிட்டு, மற்றவரைப் பார்த்து, "ம், சொல்லுங்க" என்றார். வேறு யாரும் பேசிப் பழகாததால் அவரும் தமிழ்மாறனும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்பா மேலே போய்ப் பார்த்துவிட்டு, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று என்னிடம் விசாரித்தார்.

நானும் முயன்று பார்த்தேன். அறிக்கையில் இருந்த குணங்களை ஒரு பக்கமும் ஆட்களை ஒரு பக்கமும் எழுதிக் கட்டம் போட்டேன். எதுவும் பொருந்தவில்லை. அம்மா அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, கோடு நேராக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

இதற்கிடையே கட்டுரைகள் வந்தன. திருத்தினால் எழுதியவருக்கு வலிக்காது என்று அறிக்கை சொல்லியிருந்ததால் யாரும் எதையும் திருத்தவில்லை, திருப்பவுமில்லை. வந்ததெல்லாம் ஏற்கப்பட்டது. மாமியாருக்கும் மருமகளுக்கும் டி.வி. ரிமோட்டால் வந்த பிணக்கு பற்றி ஒரே ஆள் எழுதிய மூன்று கட்டுரைகள் ஏற்கப்பட்டன. முதல்வர் சும்மா இராமல் 'என் நடைப்பயிற்சி அனுபவங்கள்' என்று ஒன்று அனுப்பினார். அதில் அவர் காலையில் புறப்படுகிறார், நடக்கிறார், திரும்புகிறார். பலவேசம் சார், நெகிழ்ந்து போனதாகப் பதில் போட்டார். அழகுமலை தாள்களைக் கட்டாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். "மேடம், இது பொஸ்தகமில்ல, தலகாணி. தைக்க ஊசி எறங்காது" என்றார். முதல் பக்கத்தில் 'ஆசிரியர்: இலுப்பை' என்று அச்சுக் கோத்திருந்தார். பெயர் நன்றாக இருக்கிறது, எந்த ஊர்க்காரர் என்று கேட்டார்.

அம்மா அதைப் புரட்டிப் பார்த்தார். அன்று இரவு சாப்பிடவில்லை. புள்ளியியல் துறைக்காரர்கள் குறைந்தபட்சம் பக்கத்தையாவது எண்ணுவார்கள் என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தது எனக்குப் பயமாக இருந்தது.

இந்த நாட்களில் பொன்னாத்தாள் மட்டும் மாடிக்கு வரவில்லை. அழகுமலை கொண்டுவந்த தாள்கட்டின் பிரதி ஒன்று அவருக்கும் போயிருந்தது. ஒரு நாள் சாரலோடு சாரலாக வந்து இறங்கினார். தோளில் துணிப்பை, அது நிறையக் கட்டுரைகள், எல்லாவற்றிலும் பென்சில். பையை இறக்கி வைத்துவிட்டு அம்மாவின் கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உடம்பு எப்படி என்று கேட்கவில்லை. அம்மாவைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. நான் தேநீர் கொடுத்தேன்.

"மேடம், இலுப்பைன்னு ஒரு ஆளு இல்ல" என்றார்.

அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு எடத்துல இலுப்பை வாயத் தொறக்காது. இன்னொரு எடத்துல அது பேசுனா கூட்டம் சிரிக்குது. ஒரு எடத்துல கறாரு. அடுத்த பக்கத்துல யாருக்கும் வலிக்காது. கறாரா இருந்தா வலிக்காம எப்படி இருக்கும்? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ஆளச் சொல்லிருக்காக. நீங்க எல்லாரையும் அம்மியில வச்சு ஒண்ணா அரைச்சுட்டீக."

"கூட்டு உருவம்னு ஒரு முறை இருக்குல்ல" என்றார் அம்மா. குரல் சின்னதாக இருந்தது.

"இருக்கு. அப்படிச் செஞ்சா மொதல்லயே சொல்லணும், இது பல பேரு சேந்த ஒருத்தருன்னு. நீங்க சொல்லல. இது வெளியிலருந்து வந்த கட்டுரையா இருந்தா திருப்பி அனுப்பிருப்பீகளா மாட்டீகளா?"

"நான் அனுப்பிருக்க மாட்டேன். ஒனக்கு அனுப்பிருப்பேன். நீ திருப்பிருப்ப."

"கண்டிப்பா."

"அப்பத் திருப்பு."

பொன்னாத்தாள் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். தன்னைப் பற்றியும் பேட்டிகளில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். கறார் என்று சொன்னார்கள், எல்லாரும் சொன்னார்கள், புகாராகச் சொன்னார்கள் என்றார் அம்மா.

"என்னால இந்த டீய ஆற வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்க முடியாது மேடம்."

"குடி. சூடா இருக்கு."

குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முதல்வரிடம் தான் எப்போது போக வேண்டும் என்று கேட்டார்.

மறுநாளே போனார். கையெழுத்துப் போடும் முன் நடைப்பயிற்சிக் கட்டுரையை முதல்வரின் மேசையில் வைத்தாராம். ஓரத்தில் பென்சிலில் ஒரே ஒரு கேள்வி இருந்தது. நேர் வழியை விட்டு ஒவ்வொரு நாளும் அந்தச் சந்துக்குள் ஏன் திரும்புகிறீர்கள், அங்கே யாரைப் பார்க்காமல் இருக்க. முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நியமனத்தில் கையெழுத்துப் போட்டார். கட்டுரையைத் திருத்த அவகாசம் கேட்டார். வடகிழக்குப் பருவ இதழில் அது வந்தது. பழைய நண்பர் ஒருவரோடு பேச்சு நின்றுபோனதைப் பற்றிய நல்ல கட்டுரை. நடைப்பயிற்சி அதில் கொஞ்சம்தான்.

மற்றவர்களுக்கு விஷயம் சொல்லப்பட்டது. தமிழ்மாறனின் முகம் ஒரு நிமிடம் வாடியது. பிறகு எதிரே இருந்த தேநீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். இன்னொன்று கிடைக்குமா என்று அப்பாவைக் கேட்டார். பலவேசம் சார் அன்று அடைத்து வைத்திருந்ததையெல்லாம் பேசினார். கடைசி பஸ் போய்விட்டது. அப்பா குழாய்க் கட்டுகளின் மேல் பாய் விரித்துக் கொடுத்தார். தென்மேற்குப் பருவ இதழ் மெலிந்து, ஊசி இறங்கும் அளவில் வந்தது. முதல் பக்கத்தில் 'ஆசிரியர்: பொன்னாத்தாள்' என்று இருந்தது. இலுப்பை ஊருக்குப் போய்விட்டாரா என்று அழகுமலை கேட்டார்.

அம்மாவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அப்படித்தான் நானும் நினைத்தேன். ஆனால் பொன்னாத்தாள் சொன்னபடியே செய்தார். அம்மாவின் அறிக்கையைத் திருப்பி அனுப்பினார். ஓரமெல்லாம் பென்சில். அதற்குள் அம்மா மதுரையில் மருத்துவமனையில் இருந்தார். உறையைப் பிரித்துப் படித்துவிட்டு, கண்ணாடியைத் தலையணை மேல் எறிந்தார். இவளுக்கு என்ன தெரியும் என்றார். நான் சேர்த்துவிட்ட ஆள், எனக்கே முறை சொல்லித் தருகிறாள் என்றார். பக்கத்துக் கட்டில்காரம்மா என்னவென்று கேட்டார். அம்மா அவரிடம் முழுக்கச் சொன்னார். அவரும் பொன்னாத்தாளைத் திட்டினார். இருவரும் சேர்ந்து ஒரு மத்தியானம் முழுக்கத் திட்டினார்கள். அம்மாவின் முகத்தில் நான் பல மாதமாகப் பார்க்காத நிறம் இருந்தது.

பிறகு திருத்த உட்கார்ந்தார். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எல்லாக் குறிப்புக்கும் பதில் வந்தது. ஒன்றுக்கு மட்டும் வரவில்லை. 'இதில் ஆய்வாளர் எங்கே இருக்கிறார்?' என்று பொன்னாத்தாள் கேட்டிருந்தார். சிலர் சொன்னதை ஒருவர் கேட்டு எழுதினால், அந்த ஒருவரின் மனம் எங்கோ அதில் கலந்திருக்கும், அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர்கள் முறை. அம்மா அதை நாள்கணக்கில் தள்ளிப்போட்டார். ஒரு நாள் காலையில், எழுதிக்கொள் என்றார்.

'எனக்கு ஒவ்வொருவரிடமும் ஒன்று பிடித்திருந்தது. ஒருவரிடம் இதழைக் கொடுத்தால் மற்றவரிடம் இருப்பது இதழுக்குக் கிடைக்காது என்று பயந்தேன். அது முழு உண்மையில்லை. எனக்குக் கொடுக்கவே மனமில்லை. கொடுக்க முடியாத ஓர் ஆளை நானே உண்டாக்கினேன். அவரைத் தேடிக்கொண்டிருக்கும்வரை இதழ் என்னிடம் இருக்கும். புது ஆசிரியரைப்போல் ஒருவர் எனக்கு முன்பே கிடைத்திருந்தால் நான் நல்ல ஆய்வாளராக இருந்திருப்பேன்.'

எழுதி முடித்து நான் தலை நிமிரவில்லை. பிழை பார்க்கிறாயா என்று அம்மா கேட்டார். ஆமாம் என்றேன்.

திருத்திய அறிக்கை வடகிழக்குப் பருவ இதழில் வந்தது. அம்மா முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டினார். புது ஆசிரியரைப் பற்றிய கடைசி வாக்கியம் இல்லை. பொன்னாத்தாள் வெட்டியிருந்தார். அம்மாவுக்குக் கோபம் வந்தது. எழுதியவரைக் கேட்காமல் வெட்டுவது எந்த ஊர் முறை என்றார். மறுப்புக் கடிதம் எழுத வேண்டும் என்றார். சொன்னார், எழுதினேன். ஊசி போட வந்த நர்ஸைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மேலும் சொன்னார். நீண்ட கடிதம். கையெழுத்துப் போட்டார். நான் தபாலில் சேர்த்தேன்.

அதுவும் திரும்பி வந்தது. மேலே பென்சிலில், 'நீளம். பாதியாக்கினால் போடலாம்' என்று இருந்தது.

அம்மா படித்தார். எதை வெட்டலாம் என்று என்னைக் கேட்டார். எதையும் வெட்ட வேண்டாம் என்றேன். "அப்படிச் சொல்லாத பாப்பா, இங்கன வந்து ஒக்காரு" என்றார். கட்டிலில் இடம் விட்டு நகர்ந்துகொண்டார். முதல் பத்தியிலிருந்து தொடங்கினோம்.